வீட்டுப் பத்திரத்தை வச்சு எல்எல்எம் போகலாமா?

கேள்வி: அக்கா, எனக்கு 28 வயசு. மதுரை அரசு சட்டக் கல்லூரில அஞ்சு வருஷ லா முடிச்சுட்டு நாலு வருஷமா ஹைகோர்ட் பெஞ்ச்ல ஒரு சீனியர்கிட்ட ஜூனியரா இருக்கேன், ரிட்டும் சிவிலும் தான் அதிகம் பாக்குறோம். ஆர்பிட்ரேஷன் (கோர்ட்டுக்கு வெளிய நடுவர் வச்சு தகராறை தீர்க்கறது) பக்கம் போகணும்னு ரொம்ப ஆசை. 2026 ஆகஸ்ட்ல சேர்றதுக்கு அமெரிக்கால ரெண்டு எல்எல்எம் (சட்டத்துல மாஸ்டர்ஸ்) அட்மிஷன் வந்திருக்கு. ஒண்ணு நியூயார்க் சிட்டில பெரிய பேர் உள்ள இடம், ஸ்காலர்ஷிப் கிடையாது, எல்லாம் சேர்த்து 1,20,000 டாலர் ஆகும். இன்னொண்ணு மிட்வெஸ்ட்ல ஒரு ஸ்டேட் யுனிவர்சிட்டி, பாதி ஃபீஸ் தள்ளுபடி, தங்குற செலவோட 45,000 டாலர்ல முடியும். அட்மிஷன் வாங்கிக் குடுத்த கன்சல்டன்ட் பெரிய இடத்துக்கே போங்க, எல்எல்எம் முடிச்சா நியூயார்க் அட்டர்னி ஆயிடலாம், அங்க ஆரம்ப சம்பளமே 2,25,000 டாலர், ரெண்டு வருஷத்துல லோன் க்ளோஸ்னு சொல்றாரு. அப்பா ரிட்டயர்ட் ஆசிரியர், மேலூர் வீட்டை அடமானம் வச்சு 80 லட்சம் லோன் போடலாம், மிச்சத்துக்கு பிஎஃப் பணம் இருக்குன்னு சொல்றார். போகலாமா அக்கா? எதுக்கு போகட்டும்?

பதில்:

அன்புள்ள தங்கச்சி, முதல்ல அப்பாகிட்ட சொல்லுங்க, பத்திரத்தை பேங்க்ல குடுக்க வேணாம்னு. குறைஞ்சது இந்த லெட்டரை ரெண்டு பேரும் உக்காந்து படிச்சு முடிக்குற வரைக்குமாவது வேணாம். உங்க ஆசைல எனக்கு எந்த குறையும் தெரியல, நாலு வருஷம் பெஞ்ச்ல நின்னு ரிட் ட்ராஃப்ட் பண்ண பொண்ணுக்கு ஆர்பிட்ரேஷன் வராதுன்னு யாராவது சொன்னா நம்பாதீங்க. ஆனா உங்க கன்சல்டன்ட் டிகிரி, லைசென்ஸ், வேலை, விசா நாலையும் ஒரே பொட்டலமா கட்டி குடுத்துட்டாரு. நாலும் நாலு பேர் கையில இருக்கு. யுனிவர்சிட்டி டிகிரி குடுக்கும், லைசென்ஸை கோர்ட் குடுக்கும், வேலையை ஏதோ ஒரு ஃபர்ம் குடுக்கணும், விசாவை அரசாங்கம் குடுக்கணும். நீங்க கட்டுற ஒரு கோடியில கேரண்டியா கையில வர்றது டிகிரி மட்டும் தான்.

லைசென்ஸ் பத்தி முதல்ல பேசுவோம், ஏன்னா இதுல தான் உங்களுக்கு யாருமே சொல்லாத ஒரு விஷயம் இருக்கு. அமெரிக்கால பார் அட்மிஷன், அதாவது வக்கீலா பதிவு பண்றது, ஸ்டேட் வாரியா நடக்கும், நம்ம ஊர் மாதிரி நாடு முழுக்க ஒரே அட்வகேட்ஸ் ஆக்ட் கிடையாது. நியூயார்க்ல வெளிநாட்டுல லா படிச்சவங்களுக்குன்னு கோர்ட் ஆஃப் அப்பீல்ஸ் ரூல் 520.6 இருக்கு. அது ரெண்டு விஷயம் பாக்கும், நீங்க படிச்ச லா எத்தனை காலம் படிச்சது, அது காமன் லா (இங்கிலீஷ் சட்ட மரபு) அடிப்படையா இல்லையா. ரெண்டும் சரியா இருந்தா எல்எல்எம் இல்லாமலே நேரா பார் எக்ஸாம் (வக்கீல் லைசென்ஸ் பரீட்சை) எழுதலாம். ரெண்டுல ஒண்ணு குறைஞ்சா அந்த குறையை சரி பண்றதுக்கு தான் எல்எல்எம். ரெண்டுமே குறைஞ்சா எல்எல்எம் படிச்சாலும் எழுத முடியாது. இந்தியா காமன் லா நாடு, நீங்க அஞ்சு வருஷம் ரெகுலர் காலேஜ்ல முழுநேரமா படிச்சிருக்கீங்க, உங்களை மாதிரி படிச்ச சில பேருக்கு எல்எல்எம் இல்லாமலே எழுதலாம்னு பதில் வந்திருக்கு. உங்களுக்கும் அப்படித்தான் வரும்னு நான் சொல்ல மாட்டேன், ஒவ்வொரு ஃபைலையும் தனித்தனியா பாத்து தான் முடிவு பண்ணுவாங்க. ஆனா ஒரு கோடி ரூபாய் செலவு பண்றதுக்கு முன்னாடி நியூயார்க் ஸ்டேட் போர்ட் ஆஃப் லா எக்ஸாமினர்ஸ்கிட்ட உங்க படிப்பை எவால்யுவேட் பண்ண சொல்லி கேக்காம இருக்குறது எனக்கு வயித்தெரிச்சலா இருக்கு. ஆன்லைன்ல ஃபார்ம் போடணும், சட்டப் பல்கலைக்கழகத்துல இருந்து ட்ரான்ஸ்கிரிப்ட், பார் கவுன்சில்ல இருந்து என்ரோல்மென்ட் ப்ரூஃப் எல்லாம் அவங்க ஆபீஸ்ல இருந்தே சீல் வச்ச கவர்ல நேரா போகணும், நீங்க வாங்கி நீங்களே அனுப்பினா எடுத்துக்க மாட்டாங்க. பதில் வர மாசக்கணக்கா ஆகும், அதனால தான் இதை முதல் வேலையா செய்யணும்னு சொல்றேன். எல்எல்எம் செலவோட பாத்தா இதுக்கு ஆகுறது கூரியர் காசு.

சரி, எல்எல்எம் வேணும்னு பதில் வந்தா என்ன ஆகும்? எந்த எல்எல்எம்-ஆ இருந்தாலும் ஆகாது. ஏபிஏ (அமெரிக்கன் பார் அசோசியேஷன்) அங்கீகாரம் உள்ள லா ஸ்கூல்ல, நேர்ல உக்காந்து, குறைஞ்சது 24 க்ரெடிட் படிக்கணும். அதுல ப்ரொஃபெஷனல் ரெஸ்பான்சிபிலிட்டி 2, லீகல் ரிசர்ச் அண்ட் ரைட்டிங் 2, அமெரிக்க சட்ட அமைப்பு பத்தி 2, பார் எக்ஸாம்ல வர்ற சப்ஜெக்ட்ல 6, ஆக 12 க்ரெடிட் கட்டாயமா போயிடும். அதாவது நீங்க ஆர்பிட்ரேஷன் படிக்கணும்னு ஆசைப்பட்டு போற அந்த ஒரு வருஷத்துல பாதி, எவிடென்ஸ், கான்ட்ராக்ட்ஸ், டார்ட்ஸ்னு அமெரிக்க பாடத்துல போகும். இது தப்புன்னு சொல்லல, பார் வேணும்னா இது வேணும். ஆனா ரெண்டு அட்மிஷன் லெட்டரையும் வச்சுக்கிட்டு ரெண்டு ஸ்கூலுக்கும் ஒரு மெயில் போடுங்க, உங்க ப்ரோக்ராம்ல ரூல் 520.6 கேக்குற க்ரெடிட் எல்லாம் ஒரே வருஷத்துல எடுக்க முடியுமா, எந்தெந்த கோர்ஸ்னு லிஸ்ட் குடுங்கன்னு. நல்ல ஸ்கூல்ல இதுக்குன்னே ஒரு ஆள் இருப்பாங்க. பதில் மழுப்பலா வந்தா அதுவே உங்களுக்கு ஒரு தகவல்.

அப்புறம் எக்ஸாம். நியூயார்க்ல இப்போ யுபிஇ-ன்னு பல ஸ்டேட்டுக்கு பொதுவான பார் எக்ஸாம், ரெண்டு நாள், 200 அப்ஜெக்டிவ் கேள்வி, ஆறு எஸ்ஸே, ரெண்டு பெர்ஃபார்மன்ஸ் டெஸ்ட், 400க்கு 266 எடுக்கணும். அது போக எம்பிஆர்இ-ன்னு எதிக்ஸ் பரீட்சைல 85, நியூயார்க் சட்டம் பத்தி தனியா ஒரு ஆன்லைன் கோர்ஸும் டெஸ்ட்டும், 50 மணி நேர ப்ரோ போனோ (காசு வாங்காம செய்யற சட்ட உதவி), ஸ்கில்ஸ் தகுதி (வக்கீல் வேலை செய்யத் தெரியும்னு காட்டறது). வெளிநாட்டுல படிச்சவங்களோட பாஸ் விகிதம் அங்க ஜேடி (அவங்க மூணு வருஷ சட்டப் படிப்பு) படிச்சவங்களை விட ரொம்பவே கம்மி, அதுக்கு காரணம் புத்தி இல்ல, டைம். ஒரு அப்ஜெக்டிவ் கேள்விக்கு ரெண்டு நிமிஷம் கூட முழுசா கிடைக்காது, நம்ம ஊர்ல அப்படி எழுதிப் பழகினதே இல்ல. மே மாசம் கிளாஸ் முடிஞ்சதுல இருந்து ஜூலை கடைசி வரைக்கும் வேற எந்த வேலையும் இல்லாம பத்து வாரம் படிச்சவங்க தான் பாஸ் ஆகுறத பாத்திருக்கேன், அந்த பத்து வாரத்துக்கும் வாடகை, சாப்பாடு, கோச்சிங் ஃபீஸ் இருக்கு, 750 டாலர் எக்ஸாம் ஃபீஸ் இருக்கு. இது எதையும் உங்க 1,20,000 கணக்குல யாரும் போட்டிருக்க மாட்டாங்க, பாருங்க.

உங்களுக்கு சாதகமா ரெண்டு இருக்கு. ஸ்கில்ஸ் தகுதிக்கு, உங்க நாட்டுல குட் ஸ்டாண்டிங்ல ஒரு வருஷம் முழுநேரமா ப்ராக்டிஸ் பண்ணியிருந்தா அதையே கணக்குல எடுத்துக்குவாங்க, உங்களுக்கு நாலு வருஷம் இருக்கு. ப்ரோ போனோவை எல்எல்எம் ஆரம்பிக்கறதுக்கு முந்தின ஒரு வருஷத்துக்குள்ள இங்கயே செய்யலாம், மாவட்ட சட்டப் பணிகள் ஆணைக்குழு மூலமா வர்ற கேஸ்ல ஒரு அட்வகேட் மேற்பார்வைல வேலை பாத்து, தேதி வாரியா மணிக்கணக்கை எழுதி வச்சு, அவங்ககிட்ட நியூயார்க் ஃபார்ம்ல கையெழுத்து வாங்கிடுங்க. அங்க போய் எக்ஸாம் நேரத்துல இதுக்கு அலையறவங்களை பாத்தா பாவமா இருக்கும்.

இன்னொரு விஷயம், 2028 ஜூலைல இருந்து நியூயார்க் நெக்ஸ்ட்ஜென்-னு புது பார் எக்ஸாமுக்கு மாறுது. 2026 ஆகஸ்ட்ல சேர்ந்தா 2027 ஜூலைல பழைய பேட்டர்ன் எழுதுவீங்க, ஒரு வருஷம் தள்ளிப் போட்டா புது பேட்டர்னோட முதல் பேட்ச்ல வருவீங்க. இதை சொல்லி உங்களை அவசரப்படுத்த யாராவது பாப்பாங்க, அதனால நானே சொல்லிட்டேன். புது எக்ஸாம்க்கு பயந்து வீட்டை அடமானம் வைக்கறதுல அர்த்தமே இல்ல, புதுசுன்னா அமெரிக்கால படிச்சவங்களுக்கும் புதுசு தான்.

இப்போ அந்த 2,25,000 டாலர். அந்த நம்பர் நிஜம் தான். பெரிய ஃபர்ம்கள்ல மூணு வருஷ ஜேடி முடிச்சு முதல் வருஷம் சேர்றவங்களுக்கு குடுக்குற சம்பளம் அது. எல்எல்எம் ஆளுங்களையும் அந்த ஃபர்ம்கள் எடுப்பாங்க, ஆனா கொஞ்ச பேரைத் தான், அதுலயும் சாவ் பாலோ, டோக்கியோ, மும்பைன்னு பெரிய கார்ப்பரேட் ஃபர்ம்ல டீல் வேலை பாத்துட்டு வந்தவங்களை, பல சமயம் அந்த ஃபர்ம்களுக்குள்ள ஏற்கனவே தொடர்பு இருக்கும். ஜனவரில நியூயார்க்ல எல்எல்எம் மாணவர்களுக்குன்னே ஒரு பெரிய இன்டர்வ்யூ நிகழ்ச்சி நடக்கும், பல ஸ்கூல் சேர்ந்து நடத்துறது, அங்க வர்ற நிறைய ஃபர்ம்கள் தேடுறது அவங்க வெளிநாட்டு ஆபீசுக்கு தான் ஆள். ரிட், சிவில் சைடு லிட்டிகேஷன் அனுபவத்தோட போற ஒரு பொண்ணுக்கு அந்த மேஜைல உக்காந்து கிடைக்குற வாய்ப்பு ரொம்ப குறுகல். எல்எல்எம் முடிச்ச நம்ம ஊர் ஆளுங்க நிறைய பேர் நியூஜெர்சி, நியூயார்க்ல சின்ன இமிக்ரேஷன் ஆபீஸ்ல லா க்ளார்க்கா ஆரம்பிக்கறாங்க, அது கௌரவமான வேலை, கத்துக்கவும் நிறைய இருக்கு, ஆனா ஒரு கோடி கடனை தாங்குற சம்பளம் அதுல வராது.

விசாவை இதோட சேர்த்து பாருங்க. எஃப்-1 மாணவர் விசால படிச்சு முடிச்சா ஓபிடி, அதாவது அங்கயே வேலை பாக்க குடுக்குற அனுமதி, 12 மாசம். சட்டம் ஸ்டெம் (அறிவியல், தொழில்நுட்பம், இன்ஜினியரிங், கணக்கு) லிஸ்ட்ல கிடையாது, அதனால இன்ஜினியர் பசங்களுக்கு கிடைக்கிற கூடுதல் 24 மாசம் உங்களுக்கு கிடையாது. ஓபிடில மொத்தம் 90 நாளுக்கு மேல வேலை இல்லாம இருக்கக் கூடாது. ஓபிடி ஆரம்ப தேதியை படிப்பு முடிஞ்சதுல இருந்து அதிகபட்சம் 60 நாள் தள்ளி போடலாம், மே நடுவுல படிப்பு முடிஞ்சா ஜூலை நடுவுல கடிகாரம் ஓட ஆரம்பிக்கும், அக்டோபர் நடுவுல 90 நாள் தீரும். நியூயார்க் பார் ரிசல்ட் எப்போ வரும் தெரியுமா? வழக்கமா அக்டோபர் கடைசில. அதாவது நீங்க பாஸா ஃபெயிலான்னு தெரியறதுக்கு முன்னாடியே வேலைல இருந்தாகணும். இதுக்கு வழி இருக்கு, வாரம் 20 மணி நேரம் உங்க துறைல சம்பளம் இல்லாம லீகல் எய்ட் அமைப்புல வாலன்டியரா இருந்தாலும் கணக்குல வரும், ஆனா அந்த மாசங்களுக்கு நியூயார்க் வாடகை யார் தர்றது? அதுக்கப்புறம் எச்-1பி வேலை விசாவுக்கான லாட்டரி, ரெஜிஸ்ட்ரேஷன் மார்ச்ல நடக்கும், ஸ்டெம் ஆளுங்களுக்கு மூணு தடவை சான்ஸ்னா உங்களுக்கு நடைமுறைல ஒரே தடவை. 2025 செப்டம்பர்ல புது எச்-1பிக்கு 1,00,000 டாலர் கட்டணம்னு உத்தரவு வந்துச்சு, அமெரிக்காக்குள்ள இருந்தே எஃப்-1ல இருந்து மாறுறவங்களுக்கு அது பொருந்தாதுன்னு பின்னாடி விளக்கம் குடுத்தாங்க, ஆனாலும் சின்ன ஆபீஸ் வச்சிருக்கவங்க ஸ்பான்சர் பண்ணவே யோசிக்கறாங்க.

பணக் கணக்கு. 80 லட்சம், 10.5 சதவீதம், பத்து வருஷம்னா மாசம் 1,08,000 ரூபாய் கிட்ட ஈஎம்ஐ. பதினஞ்சு வருஷமா நீட்டினாலும் 88,000. இது படிக்கிற காலத்துல ஓடுற வட்டியை சேர்க்காம. இதை டாலர்ல சம்பாதிச்சு கட்டுவேன்னு கணக்கு போடாதீங்க, அந்த ஒரு லாட்டரி விழலைன்னா 2028ல மதுரைக்கோ சென்னைக்கோ திரும்பி வந்து ரூபாய்ல கட்டணும்னு போடுங்க. ஜூனியர்ஸுக்கு மாசம் 20,000 குடுக்கணும்னு பார் கவுன்சில் சொன்னதே 2024ல ஹைகோர்ட் உத்தரவு போட்டப்புறம் தான், அதையும் எத்தனை சீனியர் குடுக்கறாங்கன்னு உங்களுக்கு என்னை விட நல்லா தெரியும். வெளிநாட்டு எல்எல்எம் வச்சுக்கிட்டு சென்னை, மும்பைல நல்ல ஃபர்ம்ல சேர்ந்தா சம்பளம் கண்டிப்பா கூடும், ஆனா மாசம் ஒரு லட்சம் ஈஎம்ஐ கட்டிட்டு மிச்சத்துல வாழுற அளவுக்கு முதல் வருஷமே கூடுமான்னு யோசிங்க. கட்ட முடியலைன்னா போறது அப்பா அம்மா குடியிருக்கற வீடு. ரிட்டயர் ஆனவருக்கு பிஎஃப் பணம் தான் ஆஸ்பத்திரி பணமும், அதை தொடவே தொடாதீங்க ம்மா.

அதனால நியூயார்க் அட்மிஷன், இந்த விலைக்கு வேணாம். என் முடிவு அது தான், சுத்தி வளைக்கல. ஆனா அதை அப்படியே விட்டுடாதீங்க, அட்மிஷன்ஸ் ஆபீசுக்கு எழுதி, இன்னொரு இடத்துல பாதி ஃபீஸ் தள்ளுபடி குடுத்திருக்காங்க, உங்ககிட்ட வரணும்னு தான் ஆசை, ஏதாவது முடியுமான்னு கேளுங்க, கூடவே சேர்றதை ஒரு வருஷம் தள்ளிப் போட (டெஃபர் பண்ண) முடியுமான்னும் கேளுங்க. இப்படி கேக்குறது அங்க ரொம்ப சாதாரணம், யாரும் தப்பா எடுத்துக்க மாட்டாங்க. நம்ம பிள்ளைங்க அட்மிஷன் குடுத்ததே பெருசுன்னு வாய மூடிக்கிறாங்க, எனக்கு அதுல தான் கஷ்டமா இருக்கு. மிட்வெஸ்ட் அட்மிஷன் 45,000 டாலர், 40 லட்சம் கிட்ட வரும், அது யோசிக்கக் கூடிய கணக்கு. ஆனா அதுக்கும் பத்து வருஷத்துக்கு மாசம் 54,000 கட்டணும், 7.5 லட்சத்துக்கு மேலன்னா பேங்க் பெரும்பாலும் சொத்து கேக்கும், திரும்பவும் அதே வீடு தான் வருது. எவால்யுவேஷன்ல எல்எல்எம் படிச்சா எழுதலாம்னு தெளிவா பதில் வந்து, அந்த ஸ்கூல்லயும் 12 க்ரெடிட் எடுக்க முடியும்னா, அப்போ அதை எடுத்துக்கலாம், அதுலயும் கூடுதல் ஸ்காலர்ஷிப் கேட்டு பாத்துட்டு.

ஆனா நீங்க லெட்டர்ல ஆர்பிட்ரேஷன்னு எழுதினதை வச்சு பாத்தா, அமெரிக்கா தான் போகணும்னு யார் சொன்னது? நமக்கு பக்கத்துலயே சிங்கப்பூர் இருக்கு, என்யுஎஸ்-னு சொல்ற சிங்கப்பூர் தேசிய பல்கலைக்கழகத்துல இன்டர்நேஷனல் ஆர்பிட்ரேஷனுக்குன்னே எல்எல்எம் இருக்கு, எஸ்ஐஏசி-னு சொல்ற சிங்கப்பூர் சர்வதேச ஆர்பிட்ரேஷன் சென்டர்ல கேஸ் போடுற வெளிநாட்டு பார்ட்டிகள்ல இந்தியர்கள் வருஷா வருஷம் முன் வரிசைல இருக்காங்க. நம்ம டிகிரிய வச்சு அங்க கோர்ட்ல ஆஜராக முடியாது, ஆனா ஆர்பிட்ரேஷன் டீம்ல இந்திய வக்கீலுக்கு வேலை உண்டு, ஏன்னா பாதி சண்டை இந்திய கான்ட்ராக்ட் பத்தினது தான். லண்டன்ல குயீன் மேரி இந்த துறைல ரொம்ப நல்ல பேர். அங்க போறதுக்கு பிரிட்டிஷ் அரசோட செவனிங் ஸ்காலர்ஷிப் முழு செலவும் குடுக்கும், ரெண்டு வருஷ அனுபவம் போதும், முடிச்சதும் ரெண்டு வருஷம் நாட்டுக்கு திரும்பி வந்து இருக்கணும். அமெரிக்காவுக்கு ஃபுல்பிரைட் நேரு மாஸ்டர்ஸ் இருக்கு, மூணு வருஷ அனுபவம் கேப்பாங்க, உங்களுக்கு இருக்கு, அதுலயும் ரெண்டு வருஷம் திரும்பி வந்து இருக்குற நிபந்தனை உண்டு. திரும்பி வர்றதை தண்டனையா பாக்காதீங்க, கடன் இல்லாம திரும்பி வர்ற ஆளுக்கு சென்னைல நானி பல்கிவாலா ஆர்பிட்ரேஷன் சென்டர், ஹைகோர்ட்டோட ஆர்பிட்ரேஷன் சென்டர்னு வேலை கத்துக்க இடம் இருக்கு.

லண்டன்னு சொன்னதும் ஒண்ணு சொல்லிடறேன், அங்க எல்எல்எம் படிச்சா சொலிசிட்டர் (இங்கிலாந்து வக்கீல்) ஆயிடலாம்னு ஒரு கதை ஓடுது. எல்எல்எம்க்கும் அதுக்கும் சம்பந்தமே இல்ல. 2021ல இருந்து எஸ்க்யூஇ-ன்னு ஒரு சொலிசிட்டர் தகுதித் தேர்வு தான், அதுக்கு எல்எல்எம் வேணாம், ஏற்கனவே வக்கீலா இருக்கவங்களுக்கு ரெண்டு வருஷ ட்ரெய்னிங்கும் வேணாம். முதல் பகுதி 360 அப்ஜெக்டிவ் கேள்வி, இந்தியால இருந்தே எழுதலாம், ரெண்டாவது பகுதியோட ஓரலுக்கு மட்டும் அங்க போகணும். ரெண்டுக்கும் சேர்த்து ஃபீஸ் 5,000 பவுண்டு கிட்ட, கோச்சிங் தனி. ஒரு கோடியோட ஒப்பிட்டு பாருங்க. கைல சொலிசிட்டர் தகுதி இருந்தா அங்க விசா தானா வராது, ஆனா மும்பை, துபாய், சிங்கப்பூர் ஃபர்ம்ல உங்க ரெஸ்யூமை திருப்பி பாப்பாங்க. கலிஃபோர்னியாவும் அதே மாதிரி, இந்தியால என்ரோல் ஆன வக்கீலை எல்எல்எம் இல்லாமலே எக்ஸாம் எழுத விடும், ஆனா அந்த எக்ஸாம்ல வெளிநாட்டு வக்கீல்கள் பாஸ் ஆகுறது ரொம்ப கஷ்டம், கோச்சிங் இல்லாம கை வைக்காதீங்க.

பின்னாடி லா காலேஜ்ல டீச்சிங் போகலாம்னு மனசுல ஒரு ஓரத்துல இருந்தா, வெளிநாட்டு ஒரு வருஷ எல்எல்எம்-ஐ இங்க டீச்சிங்க்கு ஏத்துக்கறது பத்தி பார் கவுன்சில் ஆஃப் இந்தியா 2020ல கொண்டு வந்த ரூல்ஸ்ல சிக்கல் இருக்கு, சுப்ரீம் கோர்ட் வரைக்கும் போச்சு. அதை படிச்சுட்டு முடிவு பண்ணுங்க.

இந்த வாரமே பார் கவுன்சில்ல குட் ஸ்டாண்டிங் சர்டிஃபிகேட்டுக்கும் யுனிவர்சிட்டில ட்ரான்ஸ்கிரிப்ட்டுக்கும் அப்ளை பண்ணிடுங்க, ட்ரான்ஸ்கிரிப்ட் தான் அதிகமா இழுக்கும், முடிஞ்சா நேர்லயே போயிடுங்க. எவால்யுவேஷன் ஃபார்ம் போட்டதும் ரெண்டு ஸ்கூலுக்கும் மெயில். சீட் டெபாசிட் கட்ட சொல்லி கடைசி தேதி குடுத்திருப்பாங்க, அது பெரும்பாலும் திரும்ப வராத காசு, டெஃபரல் பத்தி எழுத்துல பதில் வர்ற வரைக்கும் கட்டாதீங்க, டைம் வேணும்னா அதையும் மெயில்ல கேளுங்க. கன்சல்டன்ட் மூலமா கேக்காதீங்க, அவருக்கு நீங்க சேர்ந்தா தான் கமிஷன். பதில் வந்ததும் ஃபீஸ் பக்கத்தோட எனக்கு அனுப்புங்க, நான் பாத்து சொல்றேன்.